நோயோடு வேலைக்கு வருபவர்

சுண்ணாம்புக்கல் மிகுந்த அரியலூர்ச் சீமையில், விக்கிரமங்கலத்தைப் போன்றதோர் ஊரிலிருந்து சிமெண்டு ஆலைக்குப் போய்வரும் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி கண்டுவிட்டால், வியாதியைக் காட்டிலும் ஆலையின் வேலை நேரமே அவருக்குப் பெரிய சோதனையாகிவிடுகிறது. சிமெண்டுச் சூளை மூட்டியபின் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்க வேண்டியதாகையால், ஆட்களும் ஷிப்டு மாற்றி ஷிப்டு வருகிறார்கள். இன்சுலினோ வேளை தவறாத ஆகாரத்தை அபேட்சிப்பது. ஊசி போட்டுக்கொண்டபின் சாப்பாடு தாமதித்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் உண்டாகும். உயரத்திலோ ஓடும் இயந்திரத்தின் அருகிலோ நிற்பவருக்கு அது பிராணாபாயம். அவர் கேட்பது லீவு அன்று. மாறாத ஒரு ஷிப்டும், வேளைக்குச் சாப்பிடக் கால்மணி அவகாசமும்தான்.

நம் சட்டங்களோ மனிதரை ஆரோக்கியவான், நோயாளி என்று இரண்டாகவே பகுத்துப் பார்க்கின்றன. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த இ.எஸ்.ஐ. திட்டம், மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத சம்பளக்காரர் நோயுற்றால் வருஷத்துக்கு 91 நாள் வரையில் கூலியில் நூற்றுக்கு 70 பங்கு அளிக்கிறது. காசம், புற்றுநோய் முதலிய 34 நீடித்த வியாதிகளுக்கு 80 பங்காக உயர்த்தி, இரண்டு வருஷம் வரையிலும் நீட்டிக்கிறது. எத்தனையோ குடும்பங்களைக் காத்த மகத்தான உபகாரம் அது. ஆயினும் அது கணக்கில் கொள்வது வேலைக்கு வராத நாளையே; நோயைச் சுமந்துகொண்டு வேலைக்கு வரும் நாள் எப்படிக் கழிய வேண்டும் என்பது மேஸ்திரியின் தாட்சணியத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஓரடி முன்னே சென்றது. அது ஏற்ற 21 வகைகளில் ஹீமோபீலியா, தலசீமியா, பார்க்கின்சன் போன்ற நாள்பட்ட நோய்களும் அடங்கும். பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கலாகாது, பழைய வேலை இயலாதெனில் அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும் என்றும் அது விதிக்கிறது. ஆனால் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் அந்த 21-இல் இல்லை. இந்தப் பாதுகாப்பும் அரசு ஊழியருக்கே உரியது.

ஷிப்டிலும் சாப்பாட்டு நேரத்திலும் நோயாளிக்குச் சலுகை கொடுத்தால் பொய்ச்சாக்கு பெருகும் என்பது முதலாளிமாரின் ஆட்சேபம். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நரம்புக் கோளாறுள்ளவர், சட்டம் குறித்த அளவு ஊனம் இல்லாவிடினும், சிவில் சர்வீஸ் தேர்வில் உதவியாளரைக் கொண்டு எழுதலாம் என்று தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டு, சிலர் துஷ்பிரயோகம் செய்யக்கூடும் என்ற அச்சத்தால் நியாயமானவருக்கு மறுப்பதை ஏற்கவில்லை. தேர்வு மண்டபத்துக்குப் பொருந்திய இந்த நியாயம் ஆலைக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

வேலைத்தலத்தை ஊழியரின் உடல்நிலைக்கேற்ப மாற்றுவது தமிழ்நாட்டுக்குப் புதிய பாதையும் அன்று. நாள் முழுதும் நின்றே விற்பனை செய்து காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு அவதிப்பட்ட கடை ஊழியர்களுக்கு இருக்கை அளிக்கவேண்டும் என்று 2021-இல் நமது சட்டசபை சட்டம் இயற்றிற்று. அதே ஆண்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்குமான மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. பின்னர் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' பரிசோதனையை வேலைத்தலத்துக்கே கொண்டுசென்றது. இனி அந்தப் பரிசோதனையில் நோய் கண்டவருக்கு, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் வைத்தியர், 'இத்தனை நாள் ஓய்வு' என்பதோடு நில்லாமல், 'இவருக்கு ராத்திரி ஷிப்டு கூடாது, உணவு நேரம் தவறக்கூடாது' என்றும் சீட்டெழுத வேண்டும். அந்தச் சீட்டுக்கு ஆலை நிர்வாகம் கட்டுப்பட வேண்டும் என்று சட்டசபை விதிக்க வேண்டும்.