தோளிலும் மார்பிலும் எழுதிய வரலாறு

சீருடை என்பது பலரையும் ஒருதன்மையராகக் காட்டுவதற்கென ஏற்பட்டது. ஆயினும், போர்வீரனுடைய சீருடையின் தோளிலும் மார்பிலும் விளங்கும் சிறு துணித்துண்டுகளும் உலோகச் சின்னங்களும் அவனைப் பிறரிலிருந்து வேறுபடுத்திக் காட்டுகின்றன. இவன் எந்தப் படையைச் சேர்ந்தவன்? என்ன பயின்றவன்? போர்முனையைக் கண்டவனா? இம்மூன்று வினாக்களுக்கும் அவன் வாய் திறவாமலே அவை விடை பகர்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தரைப்படையில் இம்முறை மிக விரிவாக வளர்ந்திருத்தலின், அதனை எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருத்தமாகும்.

முதலாம் உலகப் போரின் இறுதியாண்டாகிய 1918இல், அந்நாட்டின் 81ஆம் படைப்பிரிவு பிரான்சு தேசத்துக்குச் சென்றது. அப்பிரிவு பயிற்சி பெற்ற இடம் தென் கரோலைனா மாநிலத்திலுள்ளது. அங்கே ஓடும் சிற்றாறு ஒன்றுக்குக் காட்டுப்பூனை ஓடை என்று பெயர். அப்பெயரை நினைந்து, அவ்வீரர்கள் காட்டுப்பூனையின் உருவைத் துணியில் அமைத்து இடத்தோளிலே தைத்துக்கொண்டனர். விதியில் இல்லாத இச்செயலைப் பிற படையினர் ஆட்சேபித்தனர். தலைமைத் தளபதி பேர்சிங் அதனைத் தடுக்கவில்லை. ஏனைய பிரிவுகளும் தத்தமக்குரிய சின்னங்களை வகுத்துக்கொள்ள வேண்டுமெனப் பணித்தார். போர்க்களத்தின் குழப்பத்தில் தன்னவரைக் கண்டறிய அச்சின்னம் உதவும். தன் படை என்னும் பெருமையையும் அது வளர்க்கும்.

இவ்வாறு தோன்றிய ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு கதை உண்டு. முதலாம் படைப்பிரிவு சிவப்பு நிறத்தில் 1 என்னும் இலக்கத்தை அணிகின்றது. 82ஆம் பிரிவின் சின்னத்தில் ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்து இருமுறை வருகின்றது. அக்காலத்திலிருந்த 48 மாநிலங்களிலிருந்தும் வந்தோர் அப்பிரிவில் இருந்தமையால், ‘முழு அமெரிக்கர்’ என்று பெயர் பெற்றனர். அப்பெயரின் முதலெழுத்துகளே அவை. 101ஆம் பிரிவின் கழுகுத் தலையோ, அமெரிக்க உள்நாட்டுப் போரில் விஸ்கொன்சின் மாநிலத்துப் படையொன்று உடன் கொண்டுசென்ற கழுகை நினைவூட்டுவது.

இவற்றுள் சிந்தனைக்குரியது 45ஆம் படைப்பிரிவின் கதை. ஒக்லஹோமா, கொலராடோ, அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநிலங்களைச் சேர்ந்த அப்பிரிவினர், சிவப்புச் சதுரத்தின் நடுவே மஞ்சள் நிறச் சுவஸ்திகத்தை அணிந்திருந்தனர். அப்பகுதியில் வாழ்ந்த ஆதிக்குடிகளுக்கு அது நல்வாழ்வைக் குறிக்கும் மங்கலச் சின்னம். நம்மவர்க்கும் அது மங்கலக் குறியே அன்றோ! ஆனால், ஜேர்மனியில் ஹிட்லரின் கட்சி அதனைத் தன் கொடியில் ஏற்றியபின் உலகம் அதனை வேறு கண்கொண்டு நோக்கிற்று. 1939இல் அப்பிரிவு பழைய சின்னத்தைக் கைவிட்டு, கயோவா குலத்து ஓவியர் ஒருவர் வரைந்த இடிப்பறவையின் உருவை ஏற்றது. அந்தப் பறவையைத் தோளில் தாங்கிய வீரர்களே 1945 ஏப்பிரல் 29ஆம் நாள் டக்கௌ வதைமுகாமை அடைந்து, அங்கு அடைபட்டோரை விடுவித்த படையினருள் இருந்தனர். சின்னம் உயிரற்ற துணிதான். அதற்குப் பொருளை ஊட்டுவது அதனை ஏந்துவோரின் செயலே.

சின்னத்தை அணியும் இடத்துக்கும் பொருளுண்டு. இடத்தோளிலே இருப்பது வீரன் இன்று பணியாற்றும் பிரிவின் சின்னம். வலத்தோளிலே இருப்பது, அவன் முன்பு எப்பிரிவுடன் போர்க்களம் சென்றானோ அதன் சின்னம். பிரிவு மாறினால் இடப்புறம் மாறும்; வலப்புறத்து நினைவு அவனுடன் செல்லும்.

தோட்சின்னத்துக்கு மேலே வில்போல் வளைந்த சிறு பட்டி ஒன்றையும் சிலரிடம் காணலாம். இப்பட்டிகள் இருவகையின. வான்வழிப் படையைக் குறிக்கும் பட்டி பிரிவுக்குரியது. வீரன் அப்பிரிவை விட்டு நீங்கும்போது அதுவும் நீங்கும். ‘ரேஞ்சர்’ என்னும் பட்டியோ தனிமனிதன் தன் முயற்சியால் ஈட்டுவது. இரண்டு மாதங்கள் காட்டிலும் மலையிலும் சதுப்பு நிலத்திலும் பசியையும் உறக்கமின்மையையும் வென்று தேறியவனுக்கே அது கிடைக்கும். பெற்றபின் எந்தப் பிரிவுக்குச் சென்றாலும் அதனை அணிந்துகொள்ளலாம்.

மார்பில் அணியும் திறமைச் சின்னங்களுள் முதன்மையானது பரசூட் வீரரின் சின்னம். இரு சிறகுகளுக்கிடையே விரிந்த பரசூட்டைக் காட்டும் இதனை 1941இல் வில்லியம் யார்பரோ என்னும் அதிகாரி வடிவமைத்தார். பயிற்சியில் ஐந்து முறை குதித்தவர் இதற்கு உரியவராவர். அனுபவம் மிகுந்தோர்க்கு உச்சியிலே ஒரு நட்சத்திரமும், அதனினும் மேம்பட்டோர்க்கு நட்சத்திரத்தைச் சூழ்ந்த மாலையும் சேரும். பகைவர் நிலத்தில் குதித்தவரின் சின்னத்தில் வெண்கல நட்சத்திரம் பொறிக்கப்படும்.

திறமை ஒன்று, போரனுபவம் மற்றொன்று. 1943இல் காலாட்படையினர்க்கென இரு சின்னங்கள் ஏற்பட்டன. இரண்டிலும் நீலப் பின்னணியில் பழங்காலத் துப்பாக்கி ஒன்று காணப்படும். தேர்வில் திறமை காட்டியவனுக்கு அவ்வளவே. பகைவரின் குண்டுமாரிக்கு எதிரே நின்று போரிட்டவனுக்கோ அதனைச் சூழ ஓக்கிலை மாலையும் உண்டு. அடுத்த ஆண்டில் முன்னதற்கு மாதம் 5 டொலரும் பின்னதற்கு 10 டொலரும் மேலதிகப் படியாக வழங்கப்பட்டன.

ஆனால், அதே குண்டுமாரியில் ஆயுதமின்றி ஓடி, காயமுற்றோரைத் தூக்கிவந்த மருத்துவத் துணைவர்க்கு அந்தச் சின்னம் உரியதாகவில்லை. அவர்கள் போரிடாதோர் எனக் கருதப்பட்டனர். ஆபத்தில் சமபங்கு கொண்டோர் மதிப்பில் பின்தங்குவது முறையன்று என உணரப்பட்டது. 1945இல் தூக்குப்படுக்கையும் சிலுவைக்குறியும் கொண்ட தனிச்சின்னம் அவர்களுக்கென வகுக்கப்பட்டது. பின்னர் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர்முனை எது, பின்னணி எது என்ற வேறுபாடு மறைந்தது. வண்டியோட்டியும் எழுதுவினைஞனும்கூடத் தாக்குதலுக்கு உள்ளாகினர். ஆதலின் 2005இல் ஏனைய துறையினர்க்கும் போர்ச்செயற் சின்னம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது.

தகுதியின்றி இத்தகைய சின்னங்களை அணிந்து திரிவோரும் உண்டு. பெற்றிராத விருதைப் பெற்றதாகப் பொய் கூறுவதையே குற்றமாக்கிய சட்டத்தை, பேச்சுரிமைக்கு முரணானதென 2012இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தள்ளியது. அவ்வாறு பொய் கூறிப் பணமோ பிற பயனோ பெற முயல்வதே குற்றமென 2013இல் புதுச்சட்டம் பிறந்தது.

சட்டம் தண்டிக்கலாம், மதிப்பைச் சட்டத்தால் உண்டாக்க இயலாது. சில சதம் பெறுமதியான துணித்துண்டு விலைமதிப்பற்றதாவது, அதன் பின்னால் உண்மை நிற்கும்போதுதான். பள்ளிப் பரிசாயினும் பட்டமாயினும் பதவியாயினும் இதுவே விதி. அணிந்திருப்பவன் அதற்கு உரியவனா என்பதே எந்தச் சின்னத்தையும் நோக்கிக் கேட்கத்தக்க முதல் வினாவாகும்.