முதல் கத்தி மலிவாகவே இருக்கட்டும்

1982-ல் வெளியான ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படத்தில் ராம்போ வைத்திருந்த கத்தியைப் பார்த்தவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். முதுகில் ரம்பப் பல், உள்ளே குழாய்போல் வெறுமையான பிடி, அதன் மூடியில் திசைகாட்டி. ‘சர்வைவல் கத்தி’ என்று இன்றும் இணையக் கடைகளில் விற்பவற்றில் பல அதன் பேரப்பிள்ளைகள்தான். ஆனால் காட்டில் கிடைக்கும் கட்டையையும் நாரையும் வைத்தே காரியம் பார்க்கும் புஷ்கிராஃப்ட் கலையில் ஊறியவர்களின் இடுப்பைக் கவனித்தால், பெரும்பாலும் நாலு அங்குல அலகும் பிளாஸ்டிக் உறையுமாக, பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத ஒரு கத்திதான் தொங்கும். முதன்முதலாக வாங்குகிறவர் இந்த இரண்டாவது வகையை, அதிலும் விலை குறைந்ததை வாங்குவதே சரி என்பது என் கட்சி. காசு மிச்சமாகும் என்பது இதில் இரண்டாம்பட்சம். தீட்டக் கற்றுக்கொடுப்பதுதான் முதல் கத்தியின் முதல் வேலை. அதை விலை உயர்ந்த கத்தி ஒழுங்காகச் செய்வதில்லை, ஏனென்றால் அதைக் கல்லில் வைக்கவே கை நடுங்கும்.

இந்த எளிய கத்திக்கு ஊரும் பேரும் உண்டு. ஸ்வீடனின் டாலர்னா மாகாணத்தில் மோரா என்ற ஊரையொட்டிய கிராமத்தில் 1891-ல் ஒரு பட்டறை தொடங்கியது, 1912-ல் இன்னொன்று. இரண்டும் 2005-ல் ஒன்றாகி, இப்போது மோராக்னிவ் என்ற பெயரில் இயங்குகின்றன. இவர்கள் கத்தி செய்தது சாகசக்காரர்களை மனத்தில் வைத்து அல்ல. தச்சர், மீனவர், கட்டட வேலைக்காரர் ஆகியோரின் அன்றாட உபயோகத்துக்கு. கனடாவின் காடுகளில் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடம் நடத்திய மோர்ஸ் கொச்சான்ஸ்கி, 1988-ல் வந்த தம் ‘நார்தர்ன் புஷ்கிராஃப்ட்’ நூலில், பொதுவேலைக்கான அலகு ஒருவரது உள்ளங்கை அகலத்துக்கு இருந்தால் போதும் என்ற அளவைச் சொன்னார். அவரும் பரிந்துரைத்தது மோரா கத்தியைத்தான். மோராவின் ‘கம்பானியன்’ வகையில் அலகு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளம், 2.5 மில்லிமீட்டர் கனம். கொச்சான்ஸ்கியின் அளவுக்குக் கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்துகிறது.

இதன் சூட்சுமம் அலகின் சரிவில் இருக்கிறது. நம் சமையலறைக் கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், பக்கம் மெல்ல இறங்கி, விளிம்பு ஓரத்தில் மயிரிழை அகலத்துக்கு இன்னொரு சரிவு இருப்பது தெரியும். அந்தச் சின்னச் சரிவின் கோணத்தை அந்தரத்தில் பிடித்துத் தீட்ட வேண்டும். கை பழகாதவருக்கு அது வராது. மோரா போன்ற ஸ்காண்டிநேவிய அலகில் பாதி உயரத்துக்குக் கீழிருந்து விளிம்பு வரை ஒரே சரிவு, அதுவும் அகலமாக. அந்தச் சரிவைக் கல்லில் படுக்க வைத்தால் கோணம் தானாகவே அமைந்துவிடும். தண்ணீர் விட்ட கல்லில் கத்தியைக் கிடத்தி, சரிவின் மேல் இரண்டு விரலை வைத்து அழுத்துங்கள். விளிம்போரம் நீர் ஒரே சீராகப் பிதுங்கினால் சரியாகப் படிந்திருக்கிறது. முதுகோரம் பிதுங்கினால் கை தூக்கிவிட்டது. ஆயிரம் எண் கல்லில் ஒரு பக்கம் தேய்த்தபின், மறுபக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பின் வெளிப்புறமாகத் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அடி முதல் முனை வரை அது தட்டுப்பட்ட பிறகே கத்தியைப் புரட்ட வேண்டும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகு முன்னே போகும்படி இருபது முப்பது இழுப்பு. இதைக் கற்றுக்கொண்டவருக்கு அப்புறம் எந்தக் கத்தியும் அந்நியமில்லை.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். அரிவாள்மனைக்கு அது பரவாயில்லை. மெல்லிய விளிம்புள்ள கத்திக்கு ஆபத்து. வேகமாகச் சுழலும் காய்ந்த சக்கரத்தில் தீப்பொறி பறக்கும்போது விளிம்பு நொடியில் சூடேறுகிறது. இத்தகைய எஃகைத் தோய்த்தபின் சுமார் 200 டிகிரி சூட்டில்தான் பதப்படுத்துகிறார்கள். உலர்ந்த சக்கரம் அதைத் தாண்டிப் போய், விளிம்பில் நீலம் பாரித்தால் 300 டிகிரியைத் தொட்டிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தின் கடினம் போய்விட்டது. எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

கனமான எதிர்வாதம் வேறு இருக்கிறது. எஃகு பிடியின் கடைசி வரை ஓடாத கத்தி உடைந்துவிடும், எடுத்ததும் முழுநீள எஃகுள்ளதை வாங்குவதே லாபம் என்பார்கள். மோராவே 2016-ல் ‘கார்பெர்க்’ என்று அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. விலை பல மடங்கு. கட்டையால் முதுகில் அடித்து விறகு பிளப்பதே முக்கிய வேலை என்றால் அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் கணு விழுந்த கட்டையைக் கத்தியால் பிளப்பது கத்தியின் குறையைக் காட்டவில்லை, கோடரி கொண்டுவராத நம் குறையைக் காட்டுகிறது. கனத்த அலகுக்கு இன்னொரு தொல்லை: சீவும்போது ஆப்பு மாதிரி மரத்தைப் பிளந்துகொண்டு போகும். ஈரவிறகில் நெருப்பு பற்றவைக்க, காய்ந்த குச்சியில் சுருள் சுருளாகச் சீவி, எதுவும் உதிராமல் இறகுபோல் நிறுத்துவார்கள். மெல்லிய அலகுக்கு அது கைவேலை. தடித்த அலகுக்குத் தண்டனை. நம்மூர் அரிவாள் இருக்கக் கத்தி எதற்கு என்பதற்கும் இதே பதில்தான். அரிவாள் வெட்டும், சுருள் எடுக்காது.

துருவைப் பற்றிய கவலையை மட்டும் நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். கார்பன் எஃகு எளிதில் கூராகும், அதே எளிமையோடு துருவும் ஏறும். எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கிவிட்டு மறந்தால் அலகு கறுத்துப்போகும். இந்தக் கறுப்பு கெடுதல் செய்யாது, செந்துரு வராமல் ஓரளவு தடுக்கவும் செய்யும். செந்துருதான் அலகை அரிக்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் துருப்பிடிக்காத எஃகையே வாங்கட்டும், தீட்டக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். மற்றவர்களுக்குப் பராமரிப்பு ஒரு நிமிட வேலை: கழுவு, துணியால் துடை, காயவிடு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவு. நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். தோல் உறையில் கத்தியை மாதக்கணக்கில் செருகி வைப்பது துருவுக்கு விருந்து வைப்பது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடைசியாகச் சட்டம். வீட்டு, விவசாய உபயோகத்துக்கு அல்லாத கத்தி 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால்தான் ஆயுத விதிகளின் பட்டியலில் வரும். நாலு அங்குலம் அதில் சிக்காது. ஆனால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘ஆயுதம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் கத்தியும் இருக்கிறது, அளவு எதுவும் சொல்லாமல். எழுத்துமூலமான முன் அனுமதி இல்லாமல் அதோடு சரணாலயத்துக்குள் நுழைவதை அதன் 31-ஆம் பிரிவு தடுக்கிறது. பழகுவதற்கு வீட்டுக் கொல்லையும் சொந்தக்காரர் தோப்பும் தாராளம். முதுமலைக்குப் போகும் நாளில் கத்தி வீட்டிலேயே இருக்கட்டும். துடைத்து, எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே.