கணினிக்கேற்ற வலு வழங்கி

கணினியொன்றைத் தாமே முதன்முதலாகப் பொருத்த விழையும் மாணவர் பலர், முறைவழியாக்கியையும் வரைவியல் அட்டையையும் நுணுகி ஆராய்வர். வலு வழங்கியையோ எஞ்சிய பணத்துக்கு வாங்குவர். இம்முறை பொருந்தாது. வலு வழங்கி பழுதுறின் ஏனைய உறுப்புக்களும் அதனோடு அழிதல் கூடும்.

இதன் தொழில் யாது? நம் வீடுகளுக்கு வரும் 230 உவோற்று ஆடலோட்டத்தை 12, 5, 3.3 உவோற்று நேரோட்டங்களாக மாற்றுதலேயாம். மேற்கூறிய இரண்டு உறுப்புக்களும் பெரும்பாலும் 12 உவோற்றிலேயே வலுப் பெறுகின்றன. ஆகவே, பெட்டியின்மேற் பெரிதாக எழுதப்பட்ட உவாற்றுத் தொகையை மட்டும் நோக்காது, 12 உவோற்றுக்குரிய அம்பியரையும் நோக்குதல் வேண்டும். அது 37.5 அம்பியர் எனின், 12 ஆற் பெருக்க 450 உவாற்று ஆகும்.

தேவையைக் கணித்தல் எளிது. முறைவழியாக்கிக்கு 65, வரைவியல் அட்டைக்கு 115, ஏனையவற்றுக்கு 70 எனக் கொள்ளின் மொத்தம் 250 உவாற்று. கணப்பொழுதில் ஏறும் நுகர்ச்சிக்கும் இடம்விட்டு 450 அல்லது 500 உவாற்று வழங்கியைத் தெரிக. பெரியது மின்கட்டணத்தைப் பெருக்குமென அஞ்சவேண்டா; கணினி வேண்டுமளவே அது கொடுக்கும். கட்டணத்தில் வேறுபாடு விளைப்பது வினைத்திறனே. 250 உவாற்றைக் கொடுக்க, 80 சதவீத வினைத்திறனுடையது 312.5 உவாற்றையும், 90 சதவீதமுடையது ஏறத்தாழ 278 உவாற்றையும் ஈர்க்கும். மிகுதி வெப்பமாய்க் கழியும். 2004 இல் தொடங்கிய ‘80 பிளஸ்’ சான்று இவ்வினைத்திறனையே குறிக்கும். குறுஞ்சுற்று, மிகையோட்டம், மிகையழுத்தம் என்பவற்றுக்குக் காப்பு உண்டோவென வேறாக அறிதல் வேண்டும்.

பழைய வழங்கியின் வடங்களைப் புதியதிற் பொருத்தற்க. முனைகளின் ஒழுங்கு வேறுபடலாம். மூடியையும் திறவற்க, மின்னை நிறுத்திய பின்னரும் கொள்ளளவிகளில் ஏற்றம் தங்கியிருக்கும்.

சில ஆயிரம் ரூபாவை மிச்சம்பிடிக்கும் பொருட்டுப் பெற்றோர் அரிதின் ஈட்டிய பொருள் முழுவதையும் இடருக்குள்ளாக்குதல் சிக்கனமாகாது.