கறிவேப்பிலை கருகிவிட்டதா? கன்று தேடாதீர்கள், பொறுங்கள்

ஹூஸ்டனில் கடுங்குளிர் அடித்து ஓய்ந்த ஒவ்வொரு முறையும் நம்மவர் வீடுகளில் இரண்டு தவறுகளைப் பார்க்கிறேன். கருகிய செடியைப் பிப்ரவரியிலேயே வேரோடு பிடுங்கிவிடுகிறார்கள். பிறகு ஃபுளோரிடாவில் இருக்கும் உறவினரிடம் சொல்லி, ஒரு கறிவேப்பிலைக் கன்றைப் பெட்டிக்குள் வைத்து எடுத்துவருகிறார்கள். முதல் தவறால் உங்கள் செடி போகும். இரண்டாவது சட்டமீறல்.

2021 பிப்ரவரியில் குளிர் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரை போனது. செத்துவிட்டது என்று நினைத்த செடிகள் பல, வெயில் ஏறியதும் அடியிலிருந்து துளிர்த்தன. ஆகவே மார்ச் நடுப்பகுதி வரை கத்தரியைத் தொடாதீர்கள். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள்; உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். துளிர் வரும் முன் உரம் வேண்டாம். வாழையில் கொழகொழத்த பகுதியை மட்டும் வெட்டினால் போதும். ஒட்டுக்கட்டிய எலுமிச்சையில், ஒட்டுக்குக் கீழே மும்மூன்று இலையாக முள்ளோடு வரும் துளிர் வேர்ச்செடியுடையது. அதைக் கிள்ளி எறியுங்கள். விதையில் முளைத்த கறிவேப்பிலைக்கு அந்தச் சிக்கல் இல்லை. அடியில் துளிர்ப்பதும் கறிவேப்பிலைதான்.

இனி கன்று விஷயம். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். சிட்ரஸ் கிரீனிங் என்ற நோயைப் பரப்பும் சில்லிட் பூச்சி இதன் கொழுந்திலும் முட்டையிடும். அந்த நோய் ஃபுளோரிடாவில் 2005இலும் டெக்சஸில் 2012இலும் உறுதியானது. இதற்கு மருந்து கிடையாது. "என் செடி நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள். நன்றாகத்தான் இருக்கும், சாவது பக்கத்து வீட்டு ஆரஞ்சு மரம். இளங்கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள்: வாலைத் தூக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் கடுகளவுப் பூச்சி, அருகில் வெள்ளை மெழுகு இழைகள். இவை தெரிந்தால் படம் எடுத்து உங்கள் கவுண்டியின் அக்ரிலைஃப் எக்ஸ்டென்ஷன் என்ற வேளாண் ஆலோசனை அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி இந்த நோய்க்கான தனிமைப்படுத்தல் பகுதி. சிட்ரஸ் வகைச் செடிகளை இங்கிருந்து வெளியே கொண்டுபோகவும் கூடாது. இதை டெக்சஸ் வேளாண் துறை எழுதியிருக்கும் மொழி வழக்கறிஞருக்கே புரியும். செடி வளர்ப்பவருக்குப் புரியும்படி ஒரு பக்கம் எழுதக் கூடாதா? நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: உரிமம் பெற்ற நர்சரியில் வாங்குங்கள், செடியில் சான்றுச் சீட்டு தொங்குகிறதா என்று பாருங்கள், சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். இணையத்தில் வெளிமாநிலத்திலிருந்து அனுப்புவதாகச் சொல்பவரிடம், பணம் கட்டும் முன்பே அமெரிக்க வேளாண் துறையின் சான்று கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். வாங்கிய கன்றை நடக் குழி தோண்டும் முன், நிலத்தடிக் குழாய்கள் எங்கே என்று குறித்துத் தர 811க்கு அழையுங்கள். குறைந்தது இரண்டு வேலைநாள் முன்பே, இலவசம்.

ஊரிலிருந்து வருபவர்களுக்கும் சொல்லிவையுங்கள். கன்றோ விதையோ இலையோ, சுங்கத்தில் அறிவிக்காமல் கொண்டுவந்தால் பறிமுதலோடு அபராதமும் உண்டு. சீட்டில்லாத கன்றை யார் அன்பாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.