கனிந்த நாதமும் அயலார் சுவரும்

இசைக்கருவி வாங்கச் செல்பவர், தம் செவியையும் பணப்பையையும் உடன்கொண்டு செல்கின்றனர். தாம் வாழும் வீட்டை மட்டும் மறந்துவிடுகின்றனர். வீணையோ புல்லாங்குழலோ வாங்குபவருக்கு இதனாற் பெருங்கேடு விளைவதில்லை. மின் கிற்றாருக்கென வால்வு அம்பிளிபயர் ஒன்றை வாங்க விழைபவருக்கோ வீடே முதற் கேள்வியாகிறது. வெள்ளவத்தையிற் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் எழுந்து நிற்கும் தொடர்மாடிகளிலும், கொட்டாஞ்சேனையின் நெருங்கிய குடியிருப்புகளிலும் வாழ்வோருக்கு இக்கேள்வி மேலும் கூர்மையானது.

கிற்றார் நமக்கு அந்நியமான வாத்தியமன்று. பைலாப் பாடல்களோடு இந்நாட்டில் வேரூன்றிய அது, 1970களில் ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் முதலியோரின் பொப்பிசையால் தமிழ் இல்லங்களிலும் ஒலித்தது. இன்றைய இளைஞர் அதனோடு பெடல்களையும் இணைக்கின்றனர். காலால் மிதித்து இயக்கும் இச்சிறு பெட்டிகளுள் ஒன்று நாதத்தை முறுக்கும். இன்னொன்று எதிரொலியைப் பிறப்பிக்கும். எனினும் இவை யாவும் ஈற்றில் அம்பிளிபயரின் வாய்வழியே பேச வேண்டியவை.

வால்வு எனப்படும் வெற்றிடக் குழாயின் கதை நீண்டது. 1904இல் ஆங்கில அறிஞர் பிளெமிங் முதல் வால்வை ஆக்கினார். 1906இல் அமெரிக்கரான லீ டி பொரெஸ்ட் அதில் மூன்றாவது மின்வாயைச் சேர்த்தார். நலிந்த ஒலிக்குறியை வலுப்படுத்தும் ஆற்றல் இவ்வழியே பிறந்தது. 1925இற் கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கிய பின்னர் வீடுகளில் வால்வுப் பெட்டிகளும் புகுந்தன. விசையைத் திருப்பியதும் அவை பேசமாட்டா. சூடேறிய பின்னரே குரல் எழும். 1947இல் திரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. காலப்போக்கில் வானொலியிலிருந்து வால்வு மறைந்தது. ஆயினும் கிற்றார் உலகம் அதனைக் கைவிடவில்லை. காரணம் யாது?

தம்புராவை அறிந்தவர்க்கு விடை எளிது. அதன் குதிரையில் தந்திக்குக் கீழே சிறு நூலிழை ஒன்றைச் செருகுவர். இழை உரிய இடத்தில் அமைந்ததும் தந்தி தன் சுரத்தோடு மேற்சுரங்களையும் சேர்த்துப் பாடத் தொடங்கும். வால்வு செய்வதும் ஒருவகையில் இதுவே. தன் எல்லையை நெருங்கும்போது அது ஒலியலையின் முனைகளை மெல்ல மழுக்கும். அம்மழுக்கத்தில் மேற்சட்சமும் அதற்கு மேலுள்ள பஞ்சமமும் மூலசுரத்தோடு உடன்பிறக்கின்றன. எளிய திரான்சிஸ்டர்ச் சுற்று எல்லையை எட்டியதும் அலையைச் சட்டென வெட்டிவிடும். செவியை உறுத்தும் உயர் மேற்சுரங்கள் பெருகும். கனிவு என்றும் இதம் என்றும் கலைஞர் கூறுவது இவ்வேறுபாட்டையே.

இங்கேதான் சிக்கல் தோன்றுகிறது. கடைநிலை வால்வுகளை எல்லைவரை உழைக்கச் செய்தாலன்றி அவற்றின் கனிவு முழுமையாக வெளிப்படாது. அவ்வாறு உழைக்கச் செய்தாலோ வீடு அதிரும். கிற்றாருக்கெனச் செய்யப்படும் ஒலிபெருக்கிகளிற் பல, 1 வாற்று வலுவிலேயே 1 மீற்றர் தூரத்தில் 95 முதல் 100 டெசிபெல் ஓசையைத் தருவன. சாதாரண உரையாடலோ ஏறக்குறைய 60 டெசிபெல்தான். 50 வாற்றுக்குப் பதிலாக 5 வாற்றுக் கருவியை வாங்கினால் ஓசை பத்திலொன்றாகும் என்று எண்ணுவதும் பொருந்தாது. செவிக்கு அது ஏறக்குறைய அரைவாசியாகவே கேட்கும். மேடைக்கென ஆக்கப்பட்ட பெருங்கருவியைத் தன் சேமிப்பனைத்தையும் கொட்டி வாங்கும் மாணவன், அதன் உண்மைக் குரலைத் தன் வீட்டில் ஒருநாளும் கேட்கப் போவதில்லை.

ஆயின் வால்வை மறந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. பெடல்களே இதற்கு வழி திறக்கின்றன. முறுக்கத்தைப் பெடலிடம் ஒப்படைத்துவிட்டால், அம்பிளிபயர் தெளிவாகவும் இதமாகவும் ஒலித்தாற் போதும். அம்பிளிபயரே முறுக்கேறினால், அதற்கு முன்னுள்ள பெடலின் எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். ஆகவே, வீட்டிற் பெடல்களோடு வாசிப்பவர் நாட வேண்டியது, தாழ்ந்த ஓசையிலும் உடல் மெலியாத தெளிந்த நாதம் ஒன்றையே.

இந்நோக்கிற்கு 5 முதல் 15 வாற்று வரையிலான கருவி தாராளமாகப் போதும். 8 அங்குல ஒலிபெருக்கி கொண்ட சிறு பெட்டிகளில் மந்தர ஒலி மெலிவதுண்டு; 10 அல்லது 12 அங்குலமாயின் நாதம் நிறைவு பெறும். முதன்மை ஒலியளவுத் திருகும், வலுவைக் குறைக்கும் விசையும் இருத்தல் நன்று. சாயலையும் நோக்க வேண்டும். அமெரிக்கப் பென்டர் கருவிகளின் 1960களின் மரபில் நடுச்சுரங்கள் சற்றே பள்ளமாக இருக்கும். நடுச்சுரங்களை உயர்த்தும் டியூப் ஸ்கிரீமர் போன்ற பெடல் அப்பள்ளத்தை நிரப்பும். ஆங்கில வொக்ஸ் மரபினவோ மணியொலி போன்று ஒளிர்வன. ஏற்கெனவே கூர்மையான பெடலை அவற்றோடு இணைத்தாற் செவி களைக்கும்.

நம் ஊருக்கே உரிய எச்சரிக்கைகளும் சில உள. இலங்கையின் மின்வழங்கல் 230 வோல்ற்று, 50 சுற்று. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொணரும் கருவி 120 வோல்ற்று, 60 சுற்றுக்கென அமைந்ததாயின், அழுத்தத்தைக் குறைக்கும் மாற்றி வேண்டும். அதன் பின்னும் கருவியின் உள்மாற்றி மிகையாகச் சூடேறக்கூடும். கடற்காற்றின் உப்பு வால்வுகளின் கால்களிலும் தாங்கிகளிலும் துருவேற்றும். வாசிக்காத வேளையிற் போர்வையிட்டு மூடுதல் நன்று. ஒலிபெருக்கியை இணைக்காது இயக்குதலாகாது. பெட்டியைத் திறப்பதும் நம் வேலையன்று. மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரும் உள்ளே உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். வால்வுகள் தேய்ந்து மாற்றப்பட வேண்டியவை. ஆதலால், வால்வறிந்த திருத்துநர் ஒருவரை முன்னரே தேடிக்கொண்டு கருவியை வாங்குவதே விவேகம்.

கடைக்குச் செல்கையில் சொந்தக் கிற்றாரையும் பெடல்களையும் எடுத்துச் செல்க. விற்பனையாளர் ஓசையை உயர்த்திக் காட்டுவார். உரத்த ஒலி எதுவும் முதற் கேள்வியிற் சிறந்ததாகவே தோன்றும். அருகில் நிற்பவரோடு குரலுயர்த்தாது பேசக்கூடிய அளவுக்கு ஓசையைத் தாழ்த்தி, கால்மணி நேரம் வாசித்துப் பார்க்க. அந்நிலையில் ஒற்றைச் சுரம் தனித்து நின்று கனிகின்றதா? பெடலை மிதித்த பின்னரும் சுரங்களின் உரு தெரிகின்றதா? ஆமெனில் அதுவே உங்கள் வீட்டுக்கு உகந்த கருவி.

சுவருக்கு அப்பாற் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், பகலெல்லாம் உழைத்து உறங்கும் முதியவரும் இருக்கின்றனர். அவர்கள் முகஞ்சுளிக்காத கருவியை நாளும் ஒரு மணிநேரம் வாசிக்கலாம். அவர்களைப் பகைத்த கருவி சில நாளில் மூலையில் முடங்கும். நாளும் வாசிப்பவனுக்கே கை திருந்தும்; கை திருந்தியவனிடமே நாதம் கனியும்.