வினவலுக்கு ஓர் அடையாள எண்

திருவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரியும் இரு பெருங்கால்வாய்களுக்கு வடகால், தென்கால் என்பன பெயர்கள். பெயரைக் கேட்ட மாத்திரத்தே தண்ணீர் ஆற்றின் எப்புறம் செல்கின்றது என்பது சிறுவர்க்கும் விளங்கும். கணிப்பொறியின் உள்ளே அமையும் மடைகளுக்கும் இத்தெளிவு வேண்டும்.

ஒரு கல்லூரியின் தேர்வு முடிவுகள் தரவுத்தளம் ஒன்றில் உள்ளன எனக் கொள்வோம். பதிவெண் 25-க்கு உரிய மதிப்பெண்ணை ஒருவர் கேட்கின்றார். 40-க்கு உரியதை மற்றொருவர் கேட்கின்றார். எண்கள் வேறாயினும் வினவலின் வடிவம் ஒன்றே. ஆகவே இரண்டிற்கும் ஒரே அடையாள எண்ணைக் கணித்து வழங்கினால், அவ்வடிவம் எத்தனை முறை வந்தது, எவ்வளவு நேரம் கொண்டது என்று தொகுத்துக் காணலாம். வேகம் குன்றியதன் காரணத்தை அறிய இதுவே நேர்வழி.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் இக்கணக்கை எழுதி வைப்பது 'பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்' என்ற இணைப்பு நிரலாகும். 13ஆம் பதிப்பு வரை அடையாள எண்ணையும் அதுவே கணித்துக்கொண்டது. 2021இல் வெளிவந்த 14ஆம் பதிப்பில் அப்பணி தரவுத்தளத்தின் மையப் பகுதிக்கு மாறியது. 'கம்ப்யூட் குவரி ஐடி' என்னும் தனி அமைப்பும் தோன்றியது. கணக்கெழுதுவோர் ஒருவர், எண் தருவோர் மற்றொருவர் என்று ஆகிவிட்டது.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. எண் தரும் அமைப்பு மூடியிருந்தால், இணைப்பு நிரல் நிறுவப்பட்டிருந்தும் ஏடு வெறுமையாகவே இருக்கும். பிழைச் செய்தியும் வாராது. கடைமடை உழவர் காய்ந்த வாய்க்காலைக் காணுங்கால், ஆற்றில் நீரில்லையா, மேலே மடை அடைபட்டுள்ளதா என்று எங்ஙனம் அறிவார்? வெறும் ஏட்டைக் காண்பவர் நிலையும் அத்தகையதே.

இதனைத் தவிர்க்கவே 'ஆன்', 'ஆஃப்' என்னும் இரண்டோடு 'ஆட்டோ' என்னும் நிலையும் சேர்க்கப்பட்டு, அதுவே இயல்புநிலையாகவும் ஆயிற்று. எண் தேவைப்படும் இணைப்பு நிரல் ஏற்றப்பட்டால், கணிப்பு தானே தொடங்கும். தேவையில்லையேல் அந்த உழைப்பு மிச்சமாகும். வேறொரு நிரலைக் கொண்டு தம் முறையில் எண் கணிக்க விரும்புவோர் 'ஆஃப்' என்று வெளிப்படையாக அமைத்தல் வேண்டும்; ஒரு வினவலுக்கு இருவர் எண்ணிடுதல் ஆகாது.

எனினும் இதற்கும் ஒரு விலை உண்டு. 'ஆட்டோ' என்ற சொல்லை மட்டும் கண்டு, இப்பொழுது எண் கணிக்கப்படுகின்றதா இல்லையா என்று கூற இயலாது. அது வேறு நிரலின் இருப்பைச் சார்ந்தது. ஆகவே நிலையைத் தெரிவிக்கும் விளக்கமும் உடன் வேண்டும்.

நாளை நீங்கள் ஓர் இணைப்பு நிரல் எழுதக்கூடும். அப்போது மூன்றை மறவாதீர்கள். அமைப்பின் பெயர் அதன் செயலை உரைத்தல் வேண்டும். எதையும் மாற்றாத புதியவருக்கும் இயல்புநிலை பயன் தருதல் வேண்டும். வேலை நடைபெறாதபோது மௌனம் கூடாது. நடைபெறவில்லை என்பதையும் அதன் காரணத்தையும் நிரலே கூறுதல் வேண்டும்.