காவல் நாயும் கறவை மாடும் கால மழையும்

ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் பேருந்து ஏறிக் கல்லூரிக்கு வரும் நம் மாணவர்கள் நாள்தோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. மழை ஓய்ந்த விடியற்காலையில், ஊரை ஒட்டிய நெடுஞ்சாலையின் நடுவே பத்துப் பன்னிரண்டு மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்துவார், அவை எழா. சற்றுத் தொலைவில், தேநீர்க் கடையின் தாழ்வாரத்தில் நான்கைந்து நாய்கள் சுருண்டு கிடக்கும். பேருந்தில் இருப்போர் 'தெருமாடு', 'தெருநாய்' என்று சலித்துக்கொள்வர். இவ்விரு சொற்களையும் நாம் சற்றே நின்று எண்ணிப் பார்த்ததுண்டா? மாட்டுக்குத் தெரு எப்போது இருப்பிடமாயிற்று? நாயின் காவற்பணி எப்போது பறிபோயிற்று? இவற்றுக்கும் மழைக்கும் என்ன தொடர்பு? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லில் நிற்கும் நாய்

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்டது. தன் எருமைகளைக் காக்கப் பொருது மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக நாட்டப்பட்ட கல் அது. வீரனுக்குக் கல் நடுவது நம் பண்டை மரபு, அதில் வியப்பில்லை. வியப்பு யாதெனில், அவனோடு நின்ற நாயின் உருவமும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டு கூறுகின்றது.

ஆநிரை கவர்தலும் மீட்டலும் வெட்சி, கரந்தை எனப் புறத்திணைகளாக வகுக்கப்பட்ட நாடு நம்முடையது. 'மாடு' என்னும் சொல்லுக்கே செல்வம் என்ற பொருளும் உண்டு. அச்செல்வத்தைக் காத்த நாய்க்குப் பெயர் இருந்தது, உரியவன் இருந்தான், செய்வதற்குப் பணி இருந்தது. இம்மூன்றும் இருந்தவரை எந்த நாயும் தெருநாய் ஆகவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மந்தையும் கிடையும்

நம் ஊர்ப் பெரியவர்களின் இளமைக்காலத்தை நினைவுகூர்வோம். காலையில் வீடுதோறும் அவிழ்த்துவிடப்படும் மாடுகள் ஊர்ப் பொதுவிடமாகிய மந்தையில் வந்து கூடும். மாடு மேய்ப்பவர் அவற்றை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் நிலத்திற்குச் செல்வார். உடன் ஓரிரு நாய்கள் ஓடும். அந்தியில் மந்தை திரும்பும்போது, ஒவ்வொரு மாடும் தன் வீட்டு வாயிலில் தானே பிரிந்து நுழையும். இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் கிடை போடும் வழக்கமும் உண்டு. அறுவடை முடிந்த வயலில் ஆட்டு மந்தையையோ, புலிக்குளம் மாடுகள் போன்ற கிடை மாடுகளையோ இரவு முழுதும் தங்கவைப்பர். சாணமும் சிறுநீரும் நிலத்திற்கு உரமாகும்; வயலுக்கு உரியவர் அதற்கு ஈடாக நெல்லோ பணமோ அளிப்பார். இரவெல்லாம் கிடையைச் சுற்றிவந்து நரியையும் கள்வரையும் விரட்டுவது நாயின் கடமை. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, இராசபாளையம் எனப் புகழ்பெற்ற நாயினங்கள் தென் மாவட்டங்களில் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவையே.

மாடு வழிதவறிப் பிறர் பயிரை மேய்ந்தால் என் செய்வது? அதற்கும் முறை இருந்தது. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தின்படி, அம்மாடு பட்டியில் அடைக்கப்படும். 'பவுண்டில் அடைத்துவிட்டார்கள்' என்று மக்கள் கூறுவது இதனையே. உரியவர் தண்டம் செலுத்தி மீட்டுச் செல்லவேண்டும். அலைதல் என்பது அன்று ஒருநாள் நேர்ந்த பிழை. இன்று போல் மாட்டின் வாழ்க்கை முறை அன்று.

வானத்தைப் படித்தவர்கள்

மாட்டோடும் நாயோடும் வெட்டவெளியில் வாழ்ந்தவர்க்கு வானமே ஏடாயிற்று. காற்று வரும் திசையைக் கொண்டே அதற்குப் பெயரிட்டனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். இவை வெறும் பெயர்கள் அல்ல. கொண்டல் என்னும் சொல்லுக்கு மேகம் என்ற பொருளும் உண்டு. நமக்கு மழை கொணரும் வடகிழக்குப் பருவக்காற்று கடலின் ஈரத்தை முகந்துகொண்டு கிழக்கிலிருந்தே வருகின்றது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அம்மூன்று மாதங்களிலேயே பொழிகின்றது. 'ஆடிப்பட்டம் தேடி விதை', 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்னும் முதுமொழிகள் இக்கணக்கில் பிறந்தவையே.

விலங்குகளின் உடலும் பருவத்தோடு ஒத்தியங்குவது. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவைத் தொங்கவிட்டு இரைத்தே அது உடல்வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் தண்ணீர்க் குழாயடியின் ஈரமண்ணைப் பறித்து நாய் படுப்பது இதனாலேயே. மார்கழியில் இணைசேரும் நாய், ஏறத்தாழ 63 நாள் சூல்கொண்டு மாசியில் குட்டி ஈனும். அக்காலத்தில் தாய்நாய் சீறுவது வெறியினால் அன்று. குட்டிகளைக் காக்கும் அச்சத்தினால் ஆகும். நாட்டு மாடுகளோ தளர்ந்த தோலும் மிகுந்த வியர்வைச் சுரப்பிகளும் உடையவை; ஆதலின் வெப்பத்தைப் பெரிதும் தாங்குகின்றன. அயலினக் கலப்புப் பசுக்கள் அங்ஙனம் தாங்குவதில்லை. வெயில் ஏறப் பால் குறைகின்றது.

அவ்வாறெனில், மழைக்கால இரவில் மாடுகள் ஏன் சாலையில் படுக்கின்றன? வயலும் திடலும் சேறாகி நிற்கும்போது, உயர்ந்தும் உலர்ந்தும் இருப்பது தார்ச்சாலை ஒன்றே. பகல்வெயிலின் வெதுவெதுப்பு அதில் தங்கியிருக்கும். காற்றோட்டம் இருப்பதால் கொசுத்தொல்லையும் குறைவு. மாடு அறிவின்றிச் சாலைக்கு வரவில்லை. இருப்பவற்றுள் நல்ல இடத்தைத் தேர்ந்தே வந்துள்ளது. வேறு இடத்தை நாம் அதற்கு விட்டுவைக்கவில்லை என்பதே உண்மை.

இடம் போன கதை

வருவாய்த்துறை ஆவணங்களில் 'மேய்க்கால் புறம்போக்கு', 'மந்தைவெளி' என்று இன்றும் எழுத்தில் உள்ள நிலங்கள் பலவற்றில் இன்று கட்டடங்கள் நிற்கின்றன. எஞ்சிய நிலத்தையும் கண்மாய் உட்பகுதியையும் சீமைக்கருவேல் மூடிவிட்டது. உழவுக்கு டிராக்டர் வந்தது. காளையின் தேவை குறைந்தது. எருமைகளின் நிலையும் அதுவே. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 7.8 லட்சம் எருமைகள் இருந்தன. 2019இல் அவை 5.2 லட்சமாகச் சுருங்கின. கோவிவன் காவல் நின்ற செல்வம் நம் கண்முன்னே கரைந்துகொண்டிருக்கின்றது.

பொது நிலம் போனதன் சுமை எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை. தோட்டமும் தொழுவமும் உடையவர் தம் மாட்டைக் கட்டித் தீனி போடுவார். ஒற்றைப் பசுவின் பாலை விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நிலமற்ற தாய், கறந்தபின் அதனை அவிழ்த்துவிடுவதன்றி வேறென்ன செய்வாள்? சாலையில் கிடக்கும் மாட்டுக்கு உரியவர் இல்லை என்று நாம் எண்ணுகிறோம். விடிந்ததும் கையில் பாத்திரத்தோடு ஒருவர் வந்து அதனை எழுப்பி ஓட்டிச் செல்வதைக் காண்க. அம்மாடு குப்பைமேட்டில் எஞ்சிய உணவைப் பையோடு விழுங்குகின்றது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் தங்கிய பிளாஸ்டிக் செரிப்பதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. சிறிது சிறிதாகத் திரண்டு உயிரையே வாங்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி முதல் நாள் தொட்டுத் தடை விதித்தும், குப்பைமேடுகள் இன்னும் முற்றிலும் மாறவில்லை.

நாயின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. காக்கக் கிடையில்லை, வீட்டு வாயிலில் இரும்புக் கதவு வந்துவிட்டது. குப்பையே அதற்கு உணவு. எனவே குப்பை மிகுந்த இடத்தில் நாயும் மிகும். வெறிநாய்க்கடி நோய் முற்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது; ஆனால் உரிய காலத்தில் முயன்றால் முற்றிலும் தடுக்கத்தக்கது. கடிவாயைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை சென்று தடுப்பூசித் தவணைகளை முழுமையாகப் போட்டுக்கொள்ளவேண்டும். 1907இல் குன்னூரில் பாசுடர் நிறுவனம் தொடங்கப்பட்டதே தென்னாட்டாருக்கு இம்மருத்துவம் கிட்டவேண்டும் என்பதற்காகத்தான். நாய்களைக் கொல்லாது, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடும் முறையை 2001ஆம் ஆண்டின் விதிகள் வகுத்தன. 2023இல் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. விதி எழுதுவது எளிது. ஊர்தோறும் நிறைவேற்றுவதே அரிது.

கணக்குத் தவறும் மழை

இந்நிலையில் வானமும் தன் கணக்கை மாற்றிக்கொண்டுள்ளது. 2015இன் இறுதியில் சென்னையும் வடமாவட்டங்களும் வெள்ளத்தில் மூழ்கின. அடுத்த ஆண்டே வடகிழக்குப் பருவமழை இயல்பினும் ஏறத்தாழ 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையென அறிவிக்கப்பட்டன. 2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கசா புயல் காவிரிப் படுகையின் தென்னைகளையும் தொழுவங்களையும் சாய்த்தது. 2023 டிசம்பர் 18 காலை வரையிலான ஒரே நாளில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. ஓராண்டு முழுதும் அங்குப் பெய்யவேண்டிய மழையினும் அது மிகுதி.

பஞ்சத்தில் முதலில் வாடுவது வைக்கோல் வாங்க இயலாதவரின் மாடு; வெள்ளத்தில் முதலில் மாள்வது கயிறு அவிழ்க்கப்படாத மாடு. பண்டு மேட்டு நிலமாகிய மந்தையே வெள்ளத்தில் கால்நடைகளுக்குப் புகலிடமாயிற்று. நீர் தேங்கும் கண்மாயும், உயிர் ஒதுங்கும் மேடும் பொதுவாயிருந்த ஊர், மழை மிகினும் குறையினும் ஒருவாறு தாங்கிநின்றது. அவ்விரண்டையும் இழந்தபின், சிறு பிழை பொழிந்தாலும் பேரிடராகின்றது.

நாம் செய்யக்கூடுவன

இழந்த இடத்தை மீட்கச் சட்டம் நமக்குத் துணைநிற்கின்றது. பஞ்சாபில் ஊர்க்குளத்தை ஆக்கிரமித்தது தொடர்பான ஜக்பால் சிங் வழக்கில், 2011 சனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் அத்தீர்ப்பு ஆணையிட்டது. ஆயினும், தம் ஊரில் மேய்க்கால் நிலம் எது என்பதையே அறியாத தலைமுறை அதனை எவ்வாறு கேட்டுப் பெறும்?

ஆகவே நம் மாணவர்கள் விடுமுறையில் ஊர் செல்லும்போது இரண்டு செயல்களை மேற்கொள்ளலாம். கிராம நிருவாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில், மேய்ச்சலுக்கும் மந்தைக்கும் உரிய புல எண்களைக் கேட்டறிந்து, அவ்விடத்தை நேரில் சென்று காணலாம். காற்றுக்கும் மழைக்கும் மாட்டின் நிறத்திற்கும் கொம்பிற்கும் பெரியவர்கள் வழங்கும் சொற்களைக் குறிப்பேட்டில் எழுதி வரலாம். முன்னது வருவாய்த்துறையின் ஏடு. பின்னது தமிழின் ஏடு. ஒன்றில் நிலமும் மற்றொன்றில் அந்நிலத்து வாழ்வும் பதிந்துள்ளன.

ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன், ஒரு நாயின் பெயர் மறக்கப்படலாகாது என்று கல்லில் எழுதினார்கள் நம் முன்னோர். நம் தெருவில் நேற்று இறந்த நாய்க்கும், சாலையில் இன்று அடிபட்ட பசுவுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் 'தெரு' என்பது மட்டுமே. அப்பெயர் அவற்றின் இழிவைக் காட்டுவதன்று. நாம் இழந்துவிட்ட மந்தைவெளியின் அளவைக் காட்டுவதாகும்.